பூரணம் மாமியின் காலும் என் பப்பாசி வைத்தியமும்

போன மாதம் என் குதிக்காலில் ஒரு புண் வந்தது. வந்தது என்று சொல்கிறேனே தவிர, அது வந்து குடியிருந்து வேலியும் அடைத்த பிறகுதான் எனக்குச் செய்தி கிடைத்தது. சீனி வருத்தக்காரனின், அதாவது நீரிழிவுக்காரனின், கால் அப்படித்தான், நோவு தெரியாது. படுக்கை விரிப்பில் கறையைக் கண்ட மனைவிதான் என்னைப் பிடித்து நகரத்துக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனார். ஊரார் புண்ணுக்கெல்லாம் மருந்து கட்டியே பென்சன் எடுத்த மனுசன் தன் காலைக் குனிந்து பார்க்கவில்லை என்பதை, ஓட்டோக்காரனுக்கும் கேட்கும்படி வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

கிளினிக்கில் தாதியாக ஒரு மிஸிப் பிள்ளை, என் மகளைவிட இளையவள். காலை ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்துப் புண்ணைக் கழுவினாள். பிறகு ஒரு சின்னக் குழாயின் மூடியைத் திருகினாள். அவ்வளவுதான், எனக்குத் தலைமயிர் சிலிர்த்துவிட்டது. பப்பாசிக் காயைக் கீறினால் வெள்ளையாக வடியுமே பால், அந்தப் பச்சைக் கசப்பு மணம். மருந்துக் கம்பனிக்காரன் என்னென்னவோ வாசமெல்லாம் சேர்த்து மறைத்துத்தான் இருந்தான். என் மூக்கை அவனால் ஏமாற்ற முடியவில்லை.

என்ன மருந்து பிள்ளை என்று கேட்டேன். “இது பப்பாசிக் காயிலருந்து எடுக்கிற நொதியம் ஐயா. புண்ணுக்குள்ள செத்துப்போன சதைய மட்டும் கரைச்சி எடுக்கும். வெளிநாட்டுச் சாமான்” என்று அவள் பொறுமையாக விளக்கினாள். நான் இப்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்படுபவனைப்போலத் தலையாட்டினேன். என் மனைவி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்கும்போது அவர் கூரையைப் பார்ப்பது வழக்கம்.

அவருக்குக் கதை தெரியும். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்கு இந்தப் புண் ஆறாது.

நான் தேற்றாத்தீவுக்காரன். கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள எங்கள் பக்கத்தை எழுவான்கரை என்பார்கள். வாவிக்கு அந்தப் பக்கம் வயலும் காடுமாகக் கிடப்பது படுவான்கரை. உயர்தரப் பரீட்சையில் நான் பெற்ற புள்ளிகளைப் பார்த்த அப்பா, இவனை இனிப் பாதை கடத்திவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தார். வாவியைக் கடக்கும் மிதவைக்கு எங்களூரில் பாதை என்றுதான் பெயர். அப்படிக் கடத்தப்பட்டு, படுவான்கரையில் ஒரு சின்ன டிஸ்பென்சரியில் ஓடலியாக வேலைக்குச் சேர்ந்தேன். கூட்டுவது, போத்தல் கழுவுவது, தண்ணீர் கொதிக்கவைப்பது. இவ்வளவுதான் எனக்கு விதிக்கப்பட்ட கடமை. ஒழுங்கான காலமாக இருந்திருந்தால் அதைச் செய்துகொண்டே கிழவனாகியிருப்பேன்.

சண்டைதான் எனக்குப் பதவி உயர்வு தந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். மருந்து கலக்குபவர் லீவில் நகரத்துக்குப் போனார். அவருடைய லீவு இன்றுவரை முடியவில்லை. மிஸி கலியாணம் முடித்துப் போனவர் திரும்பவில்லை. எஞ்சியவர் அப்போதிக்கரி ஐயா ஒருவர்தான். எங்கள் பெரிய டொக்டர், சின்ன டொக்டர் எல்லாம் அவரே. அவரும் எழுவான்கரையில் இருந்து கிழமைக்கு ஒருமுறை வருவார், துறையடிச் சென்றியில் காவல் நிற்கிற ஆமிக்காரன் விட்டால். அன்றைக்கு எங்கேயும் வெடிச்சத்தம் கேட்காவிட்டால். மற்ற நாட்களில் டிஸ்பென்சரி என்றால் நான். ஒரு வெள்ளைச் சேட்டைத் தேடியெடுத்துப் போட்டுக்கொண்டேன். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை. சனம் என்னை டொக்குத்தர் தம்பி என்று கூப்பிட்டது. நான் முதல்நாள் மட்டும் மறுத்தேன்.

இலுப்பைப்பூ இருந்தது, மருந்துதான் இல்லை. பஞ்சு, கோஸ், ஸ்பிரிட், கிருமிகொல்லி எதையும் வாவிக்கு இந்தப் பக்கம் கொண்டுவர விடமாட்டார்கள். இயக்கப் பெடியன்களின் காயத்துக்குப் போய்விடுமாம். ஐயா அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். பாதையில் வந்து இறங்கும்போது அவர் கொஞ்சம் தடித்திருப்பார், பின்னேரம் திரும்பிப் போகும்போது மெலிந்திருப்பார். சேட்டுக்குள் வயிற்றைச் சுற்றிக் கோஸ் துணி. ஒருமுறை சென்றியில் நின்ற சிப்பாய் அவரைப் பார்த்து, உனக்கு நல்ல சாப்பாடு கிடைக்கிறது போல என்றானாம். அன்றைக்கு வந்து இறங்கியதும் வாங்குப் பலகையில் இருந்துகொண்டு ஐயா வேர்த்து ஒழுகினார். நான்தான் அவரைச் சுற்றிச் சுற்றி வந்து துணியைக் கழற்றினேன்.

அந்தத் துணி எத்தனை காலுக்குக் காணும்? ஆகவே சனத்திடம் பழைய பருத்திச் சேலை வாங்கி, நெல் அவிக்கிற கிடாரத்தில் அவித்து, கிழித்துக் காயப்போடுவோம். டிஸ்பென்சரி வேலி நிறைய நிறம் நிறமாகச் சேலைத் துண்டுகள் ஆடும். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குக் கோயில் திருவிழா. புண் கழுவ வேப்பம்பட்டை அவித்த தண்ணீர். துணி புண்ணில் ஒட்டாமல் இருக்க, நடுவில் அவித்த வாழைக்குருத்து. ஏறாவூரில் இருந்து ஒரு முஸ்லிம் காக்கா முந்தியெல்லாம் காட்டுத்தேன் கொண்டுவந்து தருவார். எங்களுக்கும் அவர்களுக்கும் இடையில் நடக்கக்கூடாதது நடந்து போக்குவரத்து அற்ற பிறகு, காக்காவும் வரவில்லை, தேனும் வரவில்லை. நல்ல தேன் எது என்று சொல்லித்தர ஈர்க்கில் தோய்த்து என் நாக்கில் தடவுவார் மனுசன்.

இப்படியிருக்கத்தான் பூரணம் மாமி வந்தார். ஐம்பது தாண்டியிருக்கும். வெற்றிலை வாய், கையில் ஒரு கம்பு. வந்தவர் காலைக் காட்டவில்லை, முதலில் நான் என்ன குடி என்று கேட்டார். எங்கள் பகுதியில் இந்தக் குலக் கணக்கு முக்கியம். தாய்வழியில் குடி தெரிந்தால்தான் முறை தெரியும், முறை தெரிந்தால்தான் ஏச வசதி. சொன்னேன். விரலை மடக்கிக் கணக்குப் பார்த்துவிட்டு, “அப்ப எனக்கு மருமகன் முறை. இந்தா, மாமிட காலப் பாரு” என்று தூக்கி வாங்கில் வைத்தார்.

உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, சதை மேடாக இருக்குமே, அந்த இடத்தில் ஒரு குழி. உள்ளே மஞ்சளும் சாம்பலுமாகச் செத்த சதை. மணத்தைச் சொல்ல மாட்டேன், நீங்கள் சாப்பிட்டுவிட்டு இதை வாசிக்கிறவராகவும் இருக்கலாம். சீனி வருத்தம். புண் வந்து ஒரு போகம் விதைத்து வெட்டியாகிவிட்டது. அவருக்கு அது நோகவும் இல்லை. நொந்திருந்தால் வந்திருப்பார், மருமகள் முறையான ஒருத்தி மணத்தில் முகம் சுழித்ததால்தான் வந்திருந்தார்.

கால் ஏன் அப்படியானது என்பதற்கு ஊருக்கே காரணம் தெரியும். மாமியின் புருசன் முந்தியே பாம்பு கடித்துச் செத்துவிட்டார். ஒரே மகன் யோகன். அவனை ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். எந்த முகாமில் வைத்திருக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே மாமி எல்லா முகாமுக்கும் போனார். பஸ் இல்லாத காலம், கால்தான் பஸ். முகாம் வாசலில் போய் நிற்பார், இல்லை என்பார்கள், அடுத்த முகாமுக்கு நடப்பார். இல்லை என்ற முகாமுக்கும் அடுத்த மாதம் மறுபடி போவார், மாற்றிக் கொண்டுவந்து வைத்திருக்கலாம் அல்லவா என்று.

அப்போதிக்கரி ஐயா வந்த அன்று அந்தக் காலைப் பார்த்தார். இது எலும்புக்குப் போனால் நகரத்தில் காலைக் கழற்றித்தான் விடுவார்கள் என்று மாமியின் முகத்துக்கு நேரே சொன்னார். அவருக்கு ஒளித்துப் பேசத் தெரியாது. பிறகு என்னைப் பார்த்து, மருந்து இல்லாத இடங்களில் இதற்குப் பப்பாசி வைத்துக் கட்டுவார்கள், செத்த சதையைக் கழற்றும், வைத்துப் பார் என்றார். விளக்கம் சொல்லத் தொடங்கும்போது துறையடியில் பாதை வெளிக்கிடப் போகிறது என்று கூப்பிட்டார்கள். ஐயா மெலிந்த வயிற்றோடு ஓடினார்.

எனக்கு விளக்கம் எதற்கு? பப்பாசி தெரியாதா? நல்ல பழமாகப் பார்த்து, செக்கச்செவேலென்று மணக்க மணக்கப் பிசைந்து, மாமியின் காலில் அப்பிக் கட்டி, நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பினேன். பழம் மிஞ்சியதை நான் சாப்பிட்டேன். வைத்தியம் இவ்வளவு ருசியாக இருக்கும் என்று அதுவரை தெரியாது.

மறுநாள் மாமி வந்தபோது கூடவே எறும்பும் வந்தது. சும்மா ஒன்றிரண்டு இல்லை, ஊர்வலம். முந்தின நாள் அவர் படுத்த பாயிலிருந்து கட்டுக்குள் வரை எறும்பு வழியமைத்திருந்தது. அவருக்குக் கால் மரத்திருந்தபடியால் கடியே தெரியவில்லை, முழங்காலுக்கு மேல் ஏறிய பிறகுதான் தெரிந்திருக்கிறது. “என்ட காலப் பழக்கடை ஆக்கிப்போட்டியேடா மருமகன்” என்று தொடங்கி, என் குடியின் பெருமை சிறுமைகளை அடிமுதல் நுனிவரை சொல்லி முடித்தார். வாங்கில் மருந்துக்கு இருந்த சனம் தங்கள் வருத்தத்தை மறந்து சிரித்தது. ஒரு கிழவர், தனக்கு மாம்பழம் வைத்துக் கட்ட முடியுமா என்று கேட்டார்.

அடுத்த கிழமை ஐயா வந்து தலையில் அடித்துக்கொண்டார். பழம் இல்லையாம், பச்சைக் காயாம். பால்தான் மருந்தாம். பழுத்தால் அந்தப் பால் போய்விடுமாம். பிறகு முறையாகச் செய்துகாட்டினார். காயைக் கழுவித் தோல் சீவி, அவித்த கத்தியால் மெல்லிசாகச் சுரண்டிப் பிசைய வேண்டும். அதை வைக்க முன்னம் புண்ணைச் சுற்றி நல்ல தோலில் தேங்காய் எண்ணெய் பூச வேண்டும், இல்லாவிட்டால் நல்ல தோலையும் பால் அரித்துவிடும். மேலே வாழைக்குருத்து, அதன்மேல் சேலைத் துண்டு. தினமும் மாற்ற வேண்டும். இதை வாசித்துவிட்டு நீங்கள் வீட்டில் கத்தியைத் தூக்காதீர்கள். வேறு ஒன்றும் இல்லாத காலத்தில் வேறு ஒன்றும் இல்லாதவர்கள் செய்தது இது.

ஆனால் வேலை செய்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். கொஞ்ச நாளில் அந்த மஞ்சள் சதை இளகி, துணியோடு கழன்று வந்தது. மணம் குறைந்தது. அடியில், வெற்றிலை போட்ட நாக்கைப்போல சிவப்பாக, உயிருள்ள சதை தெரிந்தது. எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. வருகிற சனத்துக்கெல்லாம், காய்ச்சலுக்கு வந்தவருக்கும், அந்தப் புண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். மாமி, “இனி வாசல்ல ஒரு உண்டியலும் வை” என்றார்.

ஐயா அவித்த கம்பியொன்றால் குழிக்குள் தொட்டுப் பார்த்து, எலும்பு தப்பியிருக்கிறது, இனி இந்தக் காலைக் கீழே வைக்கக் கூடாது என்றார். அங்கேதான் சிக்கல். நான் கட்டுவேன், மாமி நடப்பார். முகாமுக்குப் போய்த் திரும்பி வரும்போது கட்டு இருந்த இடத்தில் மண்ணும் இரத்தமும் கலந்த ஒரு உருண்டை இருக்கும். வாழைக்குருத்து எங்கேயோ வயல் வரம்பில் விழுந்திருக்கும். நான் ஏசுவேன். அவர் காயை நீட்டுவார். ஓம், பப்பாசிக் காயை அவரே தன் வீட்டு வளவிலிருந்து பறித்துக்கொண்டு வருவார், நோயாளியே மருந்து கொண்டுவரும் டிஸ்பென்சரி எங்களுடையது. மறுபடியும் சுரண்டுவேன், பூசுவேன், கட்டுவேன். சிவப்பு தெரியும். அவர் மறுபடியும் நடப்பார்.

மாமியின் மரத்தையே நம்பியிருப்பது எனக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது. டிஸ்பென்சரி வாசல் படலையடியில் வரிசையாகப் பப்பாசிக் கன்று நட்டேன். புண் கழுவிய தண்ணீரைத் தவிர எல்லாத் தண்ணீரும் ஊற்றினேன். மரங்கள் என்னைப்போலவே நெடுநெடுவென்று வளர்ந்தன. பூத்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாமி ஒருநாள் படலையடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, கம்பை ஊன்றிக்கொண்டு சிரித்தார். எல்லாம் நீளக் காம்பில் தொங்கும் பூக்கள். அத்தனையும் ஆண் மரம். “உன்னப்போலதான் மருமகன். பூக்கிறதோட சரி” என்றார். அப்போது எனக்கு இரண்டு மூன்று இடத்தில் பெண் பேசி முறிந்திருந்தது, அதுவும் ஊருக்குத் தெரியும்.

காய்க்காத மரத்தில் பழஞ்செருப்பைக் கட்டித் தொங்கவிட்டால் மரத்துக்கு ரோசம் வந்து காய்க்கும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. வாங்கில் இருந்த யாரோ அதைச் சொன்னார்கள். என்னிடம் இருந்தது ஒரே ஒரு சோடி, டொக்குத்தர் தம்பி வெறுங்காலோடு நிற்பது அழகில்லை. மாமியிடம், உங்கள் வீட்டில் பழஞ்செருப்பு இருந்தால் கொண்டுவாருங்களேன் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

“என்னட்டப் பழசு இல்ல. புதுசுதான் ஒரு சோடி கிடக்கு” என்றார்.

பிறகு, கட்டுப் போடும்போது, எனக்குச் சொல்வதுபோலவும் இல்லாமல் சொன்னார். யோகன் முதன்முதலாகக் கூலிக்கு நெல் வெட்டிக் காசு எடுத்தபோது அம்மாவுக்கு ஒரு சோடி செருப்பு வாங்கினானாம். நீல வார் வைத்த றப்பர்ச் செருப்பு. ஒரே ஒருநாள், கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போனாராம். அவனைப் பிடித்து ஏற்றிய அன்று வாகனத்துக்குப் பின்னால் வெறுங்காலோடுதான் ஓடினாராம். அன்றைக்கே கண்ணகை அம்மன் வாசலில் போய் நேர்த்தி வைத்தார்: மகன் திரும்பி வந்து என் கையைப் பிடிக்கிற மட்டும் காலில் செருப்புப் போட மாட்டேன். செருப்பு வீட்டில் முகட்டு வளை மரத்தில் சீலைத்துண்டு சுற்றிச் சொருகியிருந்தது.

எனக்கு அப்போது விசயம் முழுதாக விளங்கியது என்று சொன்னால் நம்பாதீர்கள். நான் செய்தது ஒரு பிரசங்கம். உடம்பு நல்லாய் இருந்தால்தான் நேர்த்தி, அம்மன் கேட்டது மனதை, காலை இல்லை, இப்படியெல்லாம். கேட்டுவிட்டு மாமி, “கனக்கப் பறையாத. கட்ட இறுக்கிக் கட்டு” என்றார்.

மாரி தொடங்கும்போது ஐயா வந்தார். புண் பழையபடி ஆழமாகியிருந்தது, ஓரத்தில் தோல் தடித்து வெள்ளையாக நின்றது. அவர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் மாமிக்குப் பக்கத்தில் வாங்கில் இருந்துகொண்டு, “அக்கா, அடுத்த முறை நான் வாறபோது இப்படியே கிடந்தா, காலக் கழட்ட ஆசுபத்திரிக்குத் துண்டு எழுதித் தாற. எனக்கு வேற வழி தெரியா” என்றார். மாமி சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். அன்றைக்குக் காய் தரவும் மறந்துவிட்டார், நான் கேட்கவும் மறந்துவிட்டேன்.

அதன்பிறகு சண்டை வலுத்துப் பாதை ஓடவில்லை. ஐயாவும் வரவில்லை. நானும் என் பூக்கிற மரங்களும்தான். மாமி கொஞ்ச நாள் வரவில்லை, பிறகு காயோடு வந்தார். வழமைபோல முகாமுக்குப் போய்வந்த கதை சொன்னார். ஆனால் என்ன அதிசயம், கட்டு மண்படாமல் வந்தது. வாழைக்குருத்து வைத்த இடத்திலேயே இருந்தது. என் கட்டுப் போடும் கை முதிர்ந்துவிட்டது என்று நினைத்தேன். அதற்கு முந்தின கட்டில்தான் பப்பாசியோடு கொஞ்சம் மஞ்சளும் கற்றாழைச் சோறும் சேர்த்துப் பார்த்திருந்தேன், என் சொந்தப் புத்தியில். அதுதான் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். கிழமைக்குக் கிழமை குழி மேவி வந்தது. ஓரத்திலிருந்து மெல்லிய தோல் உள்நோக்கி நடந்தது. நான் கண்ணாடியில் முகம் பார்க்கும் நேரம் கூடியது. இந்தக் கலவைக்கு என் பெயரை வைப்பதா, ஊரின் பெயரை வைப்பதா என்றுகூட யோசித்தேன். ஆணையிட்டுச் சொல்கிறேன், யோசித்தேன்.

சண்டை ஓய்ந்து, மாரி வெள்ளமும் வற்றிப் பாதை ஓடத் தொடங்கியபோது ஐயா ஒரு வெள்ளைக்கார டொக்டர் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஏதோ தொண்டு நிறுவனம், நான்கு ஊர் பார்த்துவிட்டுப் போக வந்தவர். ஐயா இறங்கியதும் கேட்டது பூரணம் மாமியின் காலைத்தான். சட்டைப் பையில் துண்டுக் கடதாசி தயாராக இருந்தது. நான் மாமியைக் கூப்பிட்டு வாங்கில் இருத்தி, மெதுவாகக் கட்டை அவிழ்த்தேன். மந்திரவாதி மூடிய துணியை விலக்குவான் அல்லவா, அப்படித்தான் அவிழ்த்தேன். புண் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பில் ஒரு தழும்பு. மூடியிருந்தது.

ஐயா தழும்பை அமத்திப் பார்த்தார். கண் கலங்கிவிட்டார். வெள்ளைக்கார அம்மா குனிந்து பார்த்து என்னவோ கேட்டார். என் இங்கிலீசு உயர்தரப் பரீட்சையைக் கண்ட இங்கிலீசு. “பப்பாயா, மேடம். பப்பாயா” என்றேன், மார்பைத் தொட்டுக்காட்டிக்கொண்டு. அவர் மறுபடி கேட்டதை ஐயா சொன்னார்: காலை ஊன்றாமல் ஓய்வாக இருந்தாரா என்று கேட்கிறார். மாமி, ஓய்வா, போன கிழமையும் முகாமுக்குப் போய்த்தான் வந்தேன் என்றார். அம்மாவுக்கு அது பிடிபடவில்லை. இவ்வளவு நடந்தால் எந்த மருந்திலும் இது மூடாதே என்று சொல்லித் தலையை ஆட்டினார். நான் சிரித்தேன். வெளிநாட்டில் பப்பாசி இல்லை, அதனால் தெரியவில்லை என்று நினைத்தேன்.

எல்லாரும் துறையடிக்கு வெளிக்கிட்டார்கள். இன்னும் கொஞ்சம் புகழ் விழலாம் என்று நானும் படலை மட்டும் கூடவே போனேன். மாமி எங்களுக்கு முன்னால் போனார். என் ஆண் பப்பாசி மரத்தடியில், வேலியோரம், யாரும் சட்டென்று பார்க்காத இடத்தில் ஒரு சோடி செருப்புக் கிடந்தது. நீல வார்.

எனக்கு எல்லாம் மறந்துபோனது. டொக்டர் அம்மா, கலவை, என் பெயர், எல்லாம். சந்தோசத்தில் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

“மாமி! யோகன் வந்துட்டானா?”

ஐயாவும் அப்படியே நின்றுவிட்டார். மாமி ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு, கால் விரலால் செருப்பை நிமிர்த்தி, மெதுவாக நுழைத்தார். முதல் ஒரு கால், பிறகு ஆறின கால்.

“இல்ல மருமகன்” என்றார். “காலும் போனா ஆரு அவனத் தேடிப்போற? அம்மாளிட்டச் சொல்லிப்போட்டன். நேர்த்தி முறிச்சது நான். கோவமெண்டா என்னோட கோவிக்கட்டும், அவனோட வேணாம்.”

டிஸ்பென்சரிக்குள் செருப்போடு வர அவருக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. அதனால்தான் அத்தனை நாளும் மரத்தடியில் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறார். நான் கட்டைப் பார்த்தேன், தழும்பைப் பார்த்தேன், கண்ணாடியைப் பார்த்தேன். படலையைப் பார்க்கவில்லை. ஐயா சட்டைப் பையிலிருந்த துண்டுக் கடதாசியை எடுத்துக் கிழித்து என் கையில் தந்தார், குப்பையில் போடச் சொல்லி. பப்பாசி தன் வேலையைச் செய்தது, செத்ததைக் கழற்றியது. மூடியது செருப்பு. என் பங்கு எது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எறும்பு என் பங்கு, அது நிச்சயம்.

கிளினிக்கில் அந்த மிஸிப் பிள்ளை எனக்கும் ஒரு சோடி மெத்தைச் செருப்புத் தந்தாள். கழிவறைக்குப் போவதென்றாலும் இதைப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும், முடிந்தவரை நடக்கவே கூடாது என்றாள். எனக்கு அது ஒரு கஷ்டமும் இல்லை. நான் தேடிப் போக யாரும் இல்லை. எல்லாரும் வீட்டில் இருக்கிறார்கள்.

பாதை ஓடிய இடத்தில் இப்போது பாலம். சென்றி இருந்த இடத்தில் தேத்தண்ணிக் கடை. டிஸ்பென்சரிக்கு மாபிள் பதித்து மேலே மாடியும் கட்டிவிட்டார்கள், அங்கேயும் இந்தக் குழாய் மருந்து குளிர்ப்பெட்டியில் இருக்கிறதாம். என் ஆண் மரங்கள் ஒரு வெள்ளத்தில் ஒன்றாகச் சரிந்தன, கடைசிவரை ஒரு காய் இல்லை. அப்போதிக்கரி ஐயா தடித்தே செத்தார், நல்லவேளை, உண்மையான தடிப்போடு.

பூரணம் மாமி நடந்துகொண்டே இருந்தார். புதிய முகாம் வந்தால் அங்கேயும் போனார். மகன் வாங்கித் தந்தது என்று கடைசியாக அவரிடம் மிஞ்சியிருந்தது அந்தச் செருப்பு ஒன்றுதான். வளையில் சொருகி வைத்திருந்தால் இன்றைக்கும் புதிதாக இருந்திருக்கும். அதைப் போட்டுக்கொண்டு அவனைத் தேடினார். குதிப்பக்கம் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் வெளிச்சம் தெரியும் அளவுக்கு வந்தது. நான் ஒரு புதுச்சோடி வாங்கிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார், போடவில்லை.

ஒரு காலை டிஸ்பென்சரிக்கு வந்து வாங்கில் இருந்தார். நான் பதறிப்போய்க் காலைப் பார்த்தேன், கால் நன்றாகத்தான் இருந்தது. மடியிலிருந்து செருப்பை எடுத்து என் மேசையில் வைத்தார். நீல வார் அறுந்திருந்தது.

“இதுக்கு ஒரு கட்டுப் போட்டுத் தா மருமகன்” என்றார்.

அப்போது தடை நீங்கிக் கோஸ், பிளாஸ்டர் எல்லாம் தாராளமாக வரத் தொடங்கியிருந்தது. தையல் நூலால் வாரைத் தைத்தேன். மேலே பிளாஸ்டர் சுற்றினேன். வாங்கில் இருந்த சனத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கவனமாக வேறு எந்தக் கட்டும் போட்டதில்லை.

அது தாங்கவில்லை. முகாமுக்குப் போகிற வழியிலேயே வார் விட்டுவிட்டது என்று மறுகா, அடுத்த முறை, வந்தபோது சொன்னார். மண்ணில் எங்கேயோ கழன்று விழுந்த செருப்பைத் திரும்பிப் போய்த் தேடியும் கிடைக்கவில்லையாம். நான் கொடுத்த சோடியைப் போட்டுக்கொண்டுதான் பிறகு நடந்தார். காலில் மட்டும் புண் வரவே இல்லை.